கத்தியால் எதை எதை வெட்டலாம்? பள்ளிக் கண்காட்சி மேசைக்கு யோசனை வேண்டும்

தாழையூத்துத் தம்பி

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. பழைய மாணவர்கள் ஆளுக்கொரு மேசையை எடுத்திருக்கிறோம். என் தலையில் விழுந்தது ‘கடினமும் மென்மையும்’. சார்ட் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் குச்சியோடு நிற்பதற்கு எனக்கு மனசில்லை. ஒரு சாதாரண வீட்டுக் கத்தியை வைத்து, இதை வெட்டலாம், இதைக் கீறத்தான் முடியும், இதை ஒன்றுமே செய்ய முடியாது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கைவசம் இருப்பவை: சிலேட்டுக் குச்சி, மெழுகுவர்த்தி, துணி சோப்பு, அப்புறம் சுண்ணாம்புக்கல் (எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, சிமெண்ட் ஆலையே அதை நம்பித்தான் வந்தது). சோடியத்தைக் கத்தியால் வெட்டலாம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பெரிய பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். அது எங்கேயாவது கிடைக்குமா?

இன்னொரு சந்தேகம். மோஸ் அளவுகோலில் (பொருள்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை எண் போடுகிற பட்டியல்) கத்திக்கு 5.5 போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 5.5க்குக் கீழே உள்ள எல்லாமே வெட்டுப்படும் என்று எழுதி வைக்கலாமா?

பாளை ஓய்வு வாத்தியார்

தம்பி, சோடியத்தை முதலில் மறந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் முண்டியடிக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் வாயால் சொல்ல விஷயம் வேண்டும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

சோடியம் மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும். வெளியே எடுத்தால் பார்க்கச் சகிக்காது, மேலெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருக்கும். இடுக்கியால் எடுத்து, வடிதாளில் எண்ணெய் போக ஒற்றி, காய்ந்த ஓட்டின் மேல் வைத்துக் கத்தியை அழுத்தினால் சத்தமே இல்லாமல் இறங்கும். உள்முகம் அப்போதுதான் மெருகு போட்ட வெள்ளி மாதிரி மின்னும். ‘பாருங்கடே’ என்று பின் வரிசைக்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் எழுந்து வருவதற்குள் பளபளப்பு மங்கத் தொடங்கிவிடும். காற்றும் ஈரமும் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. கத்தியோ கையோ ஈரமாக இருக்கவே கூடாது.

பொட்டாசியம் அதைவிட மென்மை. தண்ணீரில் பட்டால் ஊதாச் சுடரோடு தீப்பிடிக்கும். பழைய பாட்டிலில் மஞ்சள் பொருக்கு ஏறிய பொட்டாசியத்தை வெட்டவே கூடாது. அந்தப் பொருக்கும் எண்ணெயும் கத்தி அழுத்தத்தில் சேர்ந்து வெடித்த விபத்துகள் உண்டு. லித்தியம் கொஞ்சம் முரடு, அழுத்தி வெட்ட வேண்டும். அது மண்ணெண்ணெயிலேயே மிதக்கும் என்பதால் மெழுகு அல்லது வாஸ்லின் போன்றதில் புதைத்து வைப்பார்கள்.

ஏன் மென்மை என்று கேட்டால் இரண்டு பதில் சொல்லுங்கள். ஒன்று, இந்த உலோகங்களில் அணு பெரிசு, பிணைப்புக்கு ஒவ்வோர் அணுவும் ஒரே ஓர் எலக்ட்ரானைத்தான் கொடுக்கிறது. அதனால் பிடிமானம் குறைவு. இரண்டாவது, சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும். நம்மூர் அறை வெப்பத்தைக் கெல்வினில் போட்டுப் பார்த்தால், உருகும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை அது ஏற்கெனவே தாண்டி நிற்கிறது. இரும்போ ஆறில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. சீசியம் 28.5 டிகிரியில் உருகும். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் அதற்குக் கத்தி தேவைப்படாது, கரண்டி போதும். (சொல்லுக்குத்தான் சொல்கிறேன். அதைக் காற்றே படாமல் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்துத்தான் வைப்பார்கள்.)

உங்கள் மோஸ் கேள்விக்கு: எழுதலாம், தப்பில்லை. எட்டாம் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

வெங்கச்சங்கல்

வாத்தியார் சொன்ன கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி எழுதி வைத்தால் மேசையிலேயே மாட்டிக்கொள்வீர்கள் தம்பி. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டுக்கு மோஸ் எண் 3. கத்தி 5.5. எங்கே, வெட்டுங்கள் பார்ப்போம்? கோடு விழும், வெள்ளைப் பொடி உதிரும், கல் இரண்டாகாது.

1812இல் ஜெர்மன் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் கேட்டது ஒரே கேள்விதான்: எது எதைக் கீறும்? வெட்டுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் குழப்பமே. ஒரு ஜோடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சட்டென்று புரியும். கல்லுப்பும் சொக்கத் தங்கமும். இரண்டுக்கும் மோஸ் எண் ஏறக்குறைய 2.5. உப்புக்கல் மேல் கத்தியை வைத்துத் தட்டினால் பட்டென்று நேர்கோட்டில் பிளக்கும், பிளந்த முகம் கண்ணாடித் தட்டு மாதிரி சமமாக இருக்கும். தங்கத்தில் தட்டினால் பள்ளம் விழும், இன்னும் தட்டினால் பள்ளம் ஆழமாகும், கடைசியில் வெட்டுப்படும். ஒரு துணுக்குகூடத் தெறிக்காது.

உப்புக்குள் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒரு வரிசையைத் தள்ளினால் நேர் மின்சாரத்துக்கு எதிரே நேர் மின்சாரம் வந்துவிடும், ஒன்றையொன்று உதைக்கும், படிகம் பிளந்துவிடும். தங்கத்தில் அந்தச் சண்டை இல்லை. எலக்ட்ரான்கள் பொதுச்சொத்து, வரிசை நகர்ந்தாலும் பிணைப்பு விட்டுப்போகாது. கத்தி நுழைய இடம் விட்டு விலகிக்கொடுக்கிற பொருள்தான் வெட்டுப்படும். விலகத் தெரியாதது நொறுங்கும்.

எனவே மேசையில் ஒரே வரிசை வைக்காதீர்கள். வெட்டுப்படுவது, நொறுங்குவது, கீறல் மட்டும் விழுவது, கத்தியையே தேய்ப்பது என்று நான்கு தட்டு வையுங்கள்.

நான்காவது தட்டுக்கு என் பெயரிலேயே கல் இருக்கிறது. வெங்கச்சங்கல் தேரிக்காட்டுப் பக்கமும் வயல் வரப்பிலும் கிடக்கும். குவார்ட்ஸ், மோஸ் எண் 7. கத்தியை அழுத்தி இழுத்தால் கல்லில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பிள்ளைகள் ‘கீறிடுச்சு’ என்று கத்துவார்கள். சோப்பு நீரில் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், கோடு குறைந்துகொண்டே வரும், நகத்தால் தடவினால் பள்ளம் எதுவும் தட்டுப்படாது. அங்கே தேய்ந்தது கத்தி. அந்த இரும்புத்தூள்தான் கல்லில் அப்பியிருக்கிறது.

கிளம்பும் முன் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் கிருஷ்ணாபுரம் சிற்பத்திலோ நெல்லையப்பர் கோயில் இசைத்தூணிலோ கத்தி வைத்துப் பார்க்க வேண்டாம். கருங்கல்லில் இருப்பது ஃபெல்ஸ்பார் என்ற கடினமான கனிமமும் குவார்ட்ஸும், கத்தி தோற்கும் என்பது தெரிந்த கதைதான்.

முக்கூடல் உலைக்களம்

கத்திக்கு 5.5 என்றால் எந்தக் கத்திக்கு? நாங்கள் அருவாள் அடிப்பது லாரி வில்பட்டையில். அதே பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் அரம் நன்றாகக் கடிக்கும். சிவப்பு நிறம் போகும் முன்னே தண்ணீரில் முக்கி எடுத்தால் அரம் வழுக்கும், ‘சொய்ங்’ என்று சத்தம் மட்டும் வரும். இரும்பு ஒன்றுதான், அதன் நிலைதான் வேறு. முக்கினதை அப்படியே விட்டால் தேங்காய் ஓட்டில் பட்டாலும் வாய் தெறித்துவிடும். மறுபடி லேசாகச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்த வேண்டும். அதில்தான் ஆளின் கை தெரியும்.

கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் தகட்டுக் கத்தியை மேசையில் வைத்தால் சுண்ணாம்புக்கல்லுக்கே வாய் மழுங்கும். நல்ல கத்தியாகப் பாருங்கள். பக்கத்தில் ஓர் அரத்தையும் வையுங்கள். கத்தியை வெட்டுகிற இரும்பும் உண்டு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

உவரி அலைவாய்

ஈயத்தை யாரும் சொல்லவில்லையே. கரையில் எல்லார் வீட்டிலும் கிடக்கிற சாமான். வலைக்கு அடியில் கோர்க்கிற ஈயக்குண்டை எடை சரிபார்க்க நாங்கள் சாதாரணக் கத்தியால்தான் சீவுவோம். சீவல் சுருண்டு வரும். வெட்டின இடம் நீலம் பாய்ந்த வெள்ளையாக மினுங்கும், உப்புக்காற்று பட்டால் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். வேண்டுமானால் ஒரு கட்டி தருகிறேன், திசையன்விளை வரைக்கும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளை ஓய்வு வாத்தியார்

அலைவாய் தம்பி, அன்புக்கு நன்றி. ஆனால் காரீயம் பிள்ளைகள் கையில் போக வேண்டாம். அதன் தூள் விரலில் ஒட்டும், அந்த விரல் வாய்க்குப் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்கு நல்ல பெயர் கிடையாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் வெட்டிய கட்டியைக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள். தூக்கிப் பார்த்து எடையை மட்டும் உணரட்டும். நீங்களும் சீவிய கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

சுத்தமல்லி அக்கா

ஈயம் என்றதும் பயமாகிவிட்டது. மாமியார் கொடுத்த ஈயச்சொம்பில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசம். அது மென்மை என்பது நன்றாகத் தெரியும், ஒரு தடவை கரண்டிக் காம்பு பட்டே விளிம்பு மடங்கிவிட்டது. அதை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

பாளை ஓய்வு வாத்தியார்

தூக்கிப் போட வேண்டாம் அம்மா. ரசச் சொம்பு வெள்ளீயம், வலையில் கட்டுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் சமையலுக்கு ஆகும். கத்திக்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரி, மோஸ் எண் இரண்டுக்கும் 1.5. அதனால் வெட்டிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வேறு அடையாளங்கள் உண்டு. காரீயத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம். அப்புறம் வெள்ளீயத்துக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் ‘கிறுக் கிறுக்’ என்று முனகும். உள்ளே படிகங்கள் சட்டென்று திசை மாறித் திரும்புகிற சத்தம் அது. காரீயம் வாய் திறக்காது.

இதெல்லாம் சுத்த உலோகத்துக்குத்தான் சரி. வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து வார்த்திருந்தால் கண்ணும் காதும் ஏமாந்துவிடும். பழைய பாத்திரம், நம்பகமான கைவழி வந்தது என்பதை மட்டும் வைத்தும் உறுதி சொல்ல முடியாது. பழையதானாலும், புதிதாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதானாலும், உலோகத்தின் கலவையைச் சொல்கிற எக்ஸ்ரே இயந்திரத்தில் காட்டிவிட்டு அப்புறம் ரசம் வையுங்கள்.

வெறும் சொம்பை மட்டும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். 232 டிகிரியில் உருகி ஓடிவிடும். ரசம் இருக்கும் வரை தண்ணீர் அதை 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும்.

சுத்தமல்லி அக்கா

நல்லவேளை சார். மடங்கிய விளிம்பைக் கையாலேயே நிமிர்த்தினேன், முனகின மாதிரிதான் ஞாபகம். எக்ஸ்ரே இயந்திரத்தில் காட்டிவிட்டு ரசம் அதில்தான்.

அம்பை கடைசல்

எல்லாரும் கல், உலோகம் என்றே போகிறீர்கள். மரத்தை விட்டால் கத்திக்கு வேறென்ன வேலை? மரத்துக்கு ஒரே எண் போட்டுவிட முடியாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு முருங்கைக் கொப்பை எடுத்து நாரோடு நாராகச் சீவினால் சுருள் சுருளாக வரும். குறுக்கே அறுத்தால் அதே கத்தி திணறும். நெடுகப் பிளப்பதற்கு நார்களை விலக்கினால் போதும், குறுக்கே போனால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். பத்தமடையில் பாய் முடைகிறவர்கள் கோரையைக் கத்தியால் இழை இழையாகக் கிழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு மெல்லிய இழை வருவதற்குக் காரணமே கோரை நெடுகக் கிழிய ஒப்புக்கொள்வதுதான். குறுக்கே அப்படி எடுக்க யாராலும் முடியாது.

எங்கள் பட்டறையிலிருந்து அரக்குக் குச்சி தருகிறேன், மேசையில் வையுங்கள். மரத்தில் கடைகிற செப்பு விளையாட்டுச் சாமானுக்கு வண்ணம் ஏற்றுகிற அரக்கு. குளிர்ந்திருக்கும்போது கத்தி பட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும். கடைசலில் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே இளகிப் பூசிக்கொள்ளும். அந்தப் பதத்தில் கத்தியால் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். சூட்டை மாற்றினால் தட்டு மாறும்.

தேரிக்காட்டுப் பனை

அம்பை அண்ணாச்சி சூட்டைச் சொன்னார், நான் ஈரத்தைச் சொல்கிறேன். கருப்பட்டி. பங்குனி, சித்திரையில் அருவாமணையில் வைத்து அழுத்தினாலும் வெட்டுப்படாது, துண்டாக உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கத்தி ஒட்டுகிற அளவுக்கு இளகிவிடும். அதனால்தான் எங்கள் பாட்டி அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில் வைத்திருந்தாள். எந்த மாதத்தில் கண்காட்சி என்று சொன்னால் கருப்பட்டியை எந்தத் தட்டில் வைப்பதென்று சொல்லிவிடலாம்.

பனையிலேயே இன்னொன்றும் உண்டு. பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் இறங்கும். கத்தி மழுங்கினால் பாளை நசுங்கும், ஊறல் நின்றுவிடும். பாளை எவ்வளவு மென்மையோ அவ்வளவு கூர்மை வேண்டும். அந்தப் பாளை அருவாளை எதில் தீட்டுவார்கள் தெரியுமா? பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித்தான். மேலே அண்ணாச்சி கத்தியைத் தேய்க்கும் என்று சொன்ன அதே கல்.

வெங்கச்சங்கல்

இதுதான் வே பதிவு! 7 உள்ளது 5.5 உள்ளதைத் தேய்க்கிறது, தேய்ந்தது பாளையைச் சீவுகிறது. மோஸுக்கு முன்னாலேயே பனையேறி கையில் அளவுகோல் இருந்திருக்கிறது. பனை மரத்தையே நான்காய் அறுத்து ஒரு துண்டை மேசையில் வையுங்கள் தம்பி. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது, கத்தி ஏறாது. நடுவில் சோறு, விரல் நகமே இறங்கும். ஒரே மரம்.

மும்பை நெல்லையன்

சும்மா ஒரு கேள்வி. டயரும் செருப்பு ரப்பரும் மென்மைதானே, நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது. ஆனால் வெட்டும்போது உயிர் போகிறதே?

முக்கூடல் உலைக்களம்

கத்தியைத் தண்ணீரில் நனைத்து வெட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. ரப்பர் அமுங்கி, வெட்டுக்கு இரண்டு பக்கமும் கத்தியைக் கவ்விக்கொள்கிறது. தண்ணீர் அந்தப் பிடியை விடுவிக்கும். பலாப்பழத்துக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. ஆனால் டயரில் கம்பி இருக்கும், அதற்கு என்னிடம் வர வேண்டும்.

தாழையூத்துத் தம்பி

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நான்கு தட்டு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். முதல் தட்டில் மெழுகு, சோப்பு, முருங்கைக் கொப்பு. நொறுங்குகிற தட்டில் கல்லுப்பும் குளிர்ந்த அரக்கும். கீறல் தட்டில் சுண்ணாம்புக்கல். நான்காவதில் வெங்கச்சங்கல். காரீயம் பாட்டிலுக்குள். சிலேட்டுக் குச்சியையும் கல்சட்டியையும் எதில் சேர்ப்பது? அதையும் கத்தி சீவுகிறது, ஆனால் பொடியாகத்தான் வருகிறது.

வெங்கச்சங்கல்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கல்சட்டி மாக்கல். அதில் பெரும்பங்கு டால்க், மோஸ் எண் 1, முகத்துக்குப் போடுகிற பவுடரும் அதுதான். தகடு தகடான அமைப்பு, தகடுகளுக்கு நடுவே பிடிப்பு மிகக் குறைவு, அதனால் வழுக்கி வழுக்கிக் கழன்று வருகிறது. ஒரு பக்கம் சீவல், ஒரு பக்கம் பொடி. முதல் தட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வையுங்கள், பிள்ளைகள் சண்டை போடட்டும்.

அதில் ஒரு கதையும் இருக்கிறது. சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவை மாக்கல்தான். மென்மையாக இருக்கும்போதே எருதையும் எழுத்தையும் செதுக்கிவிட்டு, பிறகு சூளையில் சுட்டார்கள். ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் டால்க்கில் உள்ள நீர் வெளியேறி வேறு கனிமமாக மாறிவிடும், அப்புறம் கத்தி ஏறாது. வெட்டத் தோதான நேரத்தில் வெட்டிக்கொண்டு பிறகு கடினமாக்குவது. கேரளத்தில் வீடு கட்டுகிற செம்புறைக்கல்லும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். நிலத்துக்குள் இருக்கும்போது கோடாலியால் செங்கல் போல வெட்டி எடுக்கலாம், வெளியே காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் 1807இல் எழுதி வைத்தார்.

பாளை ஓய்வு வாத்தியார்

அதே 1807இல்தான் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். சார்ட் ஒன்றாவது ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னால் இந்த இரண்டையும் எழுதுங்கள். நான்கு தட்டு நல்ல யோசனைதான், எட்டாம் வகுப்புக்கும் தாங்கும். ஆனால் மோஸ் எண்ணை ஒவ்வொரு பொருளுக்கும் கீழே சின்னச் சீட்டில் போட்டு வையுங்கள். உப்புக்கும் தங்கத்துக்கும் ஒரே எண் இருப்பதைப் பார்த்து எவனாவது ஒருத்தன் ஏன் என்று கேட்பான், அவனுக்காக.

மும்பை நெல்லையன்

அல்வாவை விட்டுவிட்டீர்களே! எந்தத் தட்டு?

சுத்தமல்லி அக்கா

சூடான அல்வா எந்தத் தட்டிலும் நிற்காது, இலையிலேயே வழியும். ஆறினால் நெய் இறுகிக் கத்திக்கு அடங்கும். மேசையில் வைத்தால் முதல் அரைமணி நேரத்தில் காணாமல் போய்விடும், வேண்டாம் தம்பி.

உவரி அலைவாய்

தங்கத்துக்கு எங்கே போவீர்கள், மோதிரத்தை வெட்டவா போகிறீர்கள்? செப்புக் கம்பி வையுங்கள், அதுவும் கத்திக்கு விலகிக்கொடுக்கும். உப்புக்கு நான் பொறுப்பு. கடையில் வாங்குவது சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். தூத்துக்குடியில் அளத்து வேலைக்குப் போகிற மச்சானிடம் சொல்லி, பாத்தி ஓரத்தில் விளைந்த பெரிய கட்டியாக எடுத்து வரச் சொல்கிறேன். ஈரம் படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். கத்தியை நேர்முகத்துக்கு இணையாக வைத்துத் தட்டினால்தான் அழகாகப் பிளக்கும், கோணலாக வைத்தால் தூள்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டச் சொல்லுங்கள்.

தாழையூத்துத் தம்பி

சரி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை திசையன்விளைக்கு வருகிறேன். அரக்குக்கு அம்பை அண்ணாச்சி கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொன்னால் அதையும் ஒரே நடையில் முடித்துவிடுவேன்.

அம்பை கடைசல்

உவரிக்கரையும் அம்பையும் ஒரே நடையா! அது நடக்காது தம்பி. பாளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொடுத்து விடுகிறேன், வாத்தியார் வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.